வலைப்பக்கமும் ஓர் அமானிதம்

பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதல் வசனங்கள் ஓதுதலையும் எழுதுகோலையும் பற்றிப் பேசுகின்றன. கடன் கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதி வைத்துக்கொள்ளுமாறு திருமறை பணிக்கின்றது. எழுத்துக்கு இத்துணை ஏற்றம் அளித்த மார்க்கத்தைச் சார்ந்த நாம், நம் வாழ்வைப் பற்றி எழுதி வைத்தது எவ்வளவு என எண்ணிப் பார்க்கையில் பெருமிதமும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன.

பெருமிதத்துக்குக் காரணம் உண்டு. 1572-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆயிரமசலா நம் கையில் இருக்கின்றது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் இருக்கின்றது. கண்டியில் சித்திலெப்பை அவர்கள் 1882-இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார்கள்; தமிழகத்தில் பா. தாவூத்ஷா அவர்கள் 'தாருல் இஸ்லாம்' நடத்தினார்கள். கைப்பொருளைச் செலவிட்டு, சந்தாவை எதிர்பார்த்து, கடனுக்குத் தாள் வாங்கி இதழ் நடத்திய பெருமக்களின் வரிசை நம் சமுதாயத்தில் நீண்டது.

வருத்தத்துக்கும் காரணம் உண்டு. புலவர்களும் வள்ளல்களும் ஆலிம்களும் ஏடுகளில் வாழ்கின்றார்கள். ரங்கூனில் துணி விற்றவரும், கொழும்பில் கடை வைத்தவரும், பினாங்கில் கணக்கெழுதியவரும், அவர்கள் அனுப்பிய பணத்தை எண்ணி எண்ணிச் செலவிட்டுக் குடும்பம் காத்த அவர்தம் துணைவியரும் எந்த ஏட்டில் வாழ்கின்றார்கள்? அவர்களுடைய சொற்கள் அவர்களுடனேயே மண்ணுக்குள் போய்விட்டன.

அத்தகைய எளிய மனிதர்களின் சொற்களைச் சேர்த்து வைக்கும் சிறு பணி ஒன்றை, கால் நூற்றாண்டுக்கும் மேலாக, ஓய்வு நேர ஈடுபாடாகச் செய்து வருகின்றேன். தாளில் அன்று, இணையத்தில். எங்கள் ஊரின் பெயரால் ஒரு வலைத்தளம். அதைச் சுற்றி அமைந்த ஒரு கூட்டம். அந்த அனுபவம் எனக்குக் கணிப்பொறியைப் பற்றிக் கற்பித்ததைவிட அமானிதத்தைப் பற்றிக் கற்பித்ததே மிகுதி. அதனை இங்கே வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

1998-ஆம் ஆண்டு நான் துபாயில் ஒரு வணிக நிலையத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றி வந்தேன். இணையம் அப்போதுதான் பொதுமக்கள் கைக்கு வந்திருந்தது. யார் வேண்டுமாயினும் இலவசமாகப் பக்கம் அமைத்துக்கொள்ளலாம் என்று இடம் வழங்கிய நிறுவனங்கள் பல இருந்தன. அவற்றுள் புகழ்பெற்றது, 1994-இல் அமெரிக்காவில் தோன்றிய ஜியோசிட்டீஸ். அது தன் இடத்தை ஒரு நகரத்தைப்போல் பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தது. திரைப்படத்தைப் பற்றி எழுதுவோருக்கு ஹாலிவுட். கல்வி, தத்துவம் முதலியவற்றுக்கு ஏதென்ஸ். கீழ்த்திசை நாடுகளைப் பற்றி எழுதுவோருக்கு டோக்கியோ. ஒவ்வொரு பக்கத்துக்கும் வீட்டு எண்ணைப்போல் ஓர் எண். நான் இடம் பெற்றது அதனினும் சிறிய, அதைப் போன்ற வேறொரு நிறுவனத்தில்.

பக்கம் அமைக்கும் கலையைக் கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லை. பிறர் அமைத்த பக்கத்தின் மூலக் குறிப்பைத் திறந்து பார்த்தால், கோணக் குறிகளுக்குள் எழுதப்பட்ட கட்டளைகள் தெரியும். எழுத்தைத் தடிப்பாக்க ஒரு கட்டளை. படத்தைச் சேர்க்க ஒரு கட்டளை. அடுத்த பக்கத்துக்கு வழி அமைக்க ஒரு கட்டளை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அமர்ந்து, ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதி, இரண்டு மாதங்களில் மூன்று பக்கங்களை அமைத்தேன். ஊர்ப் பள்ளிவாசலின் படம் ஒன்று, தொழுகை நேர அட்டவணை ஒன்று, ஊருக்கு வரும் வழி ஒன்று, இவ்வளவே. தொலைபேசிக் கம்பி வழியாக வந்த இணையத்தில் அந்தப் படம் மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாக விரியும். மினாராவின் உச்சியில் உள்ள பிறை முதலில் தோன்றும். ஹவுள் கண்ணுக்குத் தெரிவதற்குள் தேநீர் ஆறிவிடும். எனினும் அறைத் தோழர்கள் ஐவரும் சூழ நின்று அதைப் பார்த்தார்கள்.

தமிழில் எழுதத் தொடங்கியபோதுதான் உண்மையான இடர் தோன்றிற்று. அந்நாளைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் ஐரோப்பிய மொழிக் குறியெழுத்துகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியிருந்தன. எழுதியவரிடம் இருந்த அதே எழுத்துரு படிப்பவரிடமும் இருந்தால் தமிழ் தெரியும். இல்லையேல் பொருளற்ற குறிகளின் கூட்டம் தெரியும். எழுத்துருவுக்கு எழுத்துரு இட அமைப்பு வேறு. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் இரண்டு குறியீட்டு முறைகளைத் தமிழக அரசு ஏற்றது. பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் அன்பர்கள் மின்னஞ்சல் வழியே கூடிப் பேசி அமைத்த திஸ்கி என்னும் முறை ஒருபுறம் வழங்கிற்று. எல்லா மொழிகளுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தபோதிலும், அதனைத் தாங்கும் கணிப்பொறிகள் பரவுவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஆகவே, ஒரே செய்தியை இரண்டு முறைகளில் இருமுறை இடுவேன். மூன்றாவதாக, எழுத்துரு ஏதும் இல்லாத பெரியவர்களுக்காக, பக்கம் முழுவதையும் படமாக்கி இடுவேன். ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஓர் இளைஞர் தம் கடையின் நான்கு கணிப்பொறிகளிலும் எழுத்துருவை நிறுவி, "நம் ஊர்ப் பக்கம் இங்கே தெரியும்" என்று வாயிலில் எழுதி வைத்தார். 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் அனைத்துப் பக்கங்களையும் யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றும் கருவிகளை ஆக்கி இலவசமாக வழங்கிய தமிழ் அன்பர்கள் உலகெங்கும் இருந்தார்கள். அவர்களை நான் நேரில் கண்டதில்லை. அவர்களுக்காக துஆச் செய்ததுண்டு.

நம்மவர்க்கே உரிய சிக்கல் ஒன்றையும் இங்கே கூற வேண்டும். நம் பெயர்கள் அரபியில் ஒன்றாகவும் தமிழில் பலவாகவும் இருக்கின்றன. முஹம்மது, முகம்மது, முகமது, முஹம்மத் ஆகிய நான்கும் ஒரே பெயர்தான். பாத்திமாவும் ஃபாத்திமாவும் ஒருவரே. மனிதக் கண்ணுக்கு இது புரியும். தேடுபொறிக்குப் புரிவது அரிது. எழுத்து மாறினால் அதற்கு ஆளே மாறிவிடுகின்றது. பேரன் ஒரு வகையில் தட்டெழுதித் தேட, பாட்டனார் வேறு வகையில் எழுதப்பட்டிருந்தால் இருவரும் சந்திக்க மாட்டார்கள். ஆகையால் ஒவ்வொரு பெயரின் அடியிலும் அதன் பிற வடிவங்களையும் சேர்த்து எழுதும் பழக்கத்தை மேற்கொண்டேன். சோர்வு தரும் பணிதான். ஆயினும் அந்தப் பணியின் பயனை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

2000-ஆம் ஆண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, எண்பது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர் என்னை அழைத்தனுப்பினார். இளமையில் ரங்கூன் மொகல் தெருவில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டு பொழிந்தன. அதன்பின் இலட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழிகளிலே நடந்து நாடு திரும்பினர் என்பது வரலாறு. அவர்களுள் இவரும் ஒருவர். புரோம் நகரத்திலிருந்து டாங்கப் கணவாயைக் கடந்து அரக்கான் கடற்கரைக்கு வந்து, அங்கிருந்து படகேறிச் சிட்டகாங்கை அடைந்தவர். தாம் கூறக் கூறப் பேரனைக் கொண்டு எழுதுவித்த இருபத்திரண்டு பக்கங்களை என்னிடம் தந்தார்.

"தம்பி, வழியிலே பேதி கண்டு ஒருவர் என் மடியில் மவுத்தானார். வேற்றூர்க்காரர், பெயரும் ஊரும் தகப்பனார் பெயரும் சொன்னார். கஃபனுக்குத் துணி இல்லை. என் இடுப்புச் சாரத்தில் ஒன்றைக் கிழித்துப் போர்த்தி, நாங்கள் நான்கு பேர் தொழவைத்து அடக்கினோம். அவருடைய ஊருக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அறுபது வருசமாக அந்தப் பெயர் என் நெஞ்சில் கிடக்கிறது. இதில் எதை விட்டாலும் அந்தப் பெயரை விட்டுவிடாதீர்கள்" என்றார்.

நான் விடவில்லை. பெயரின் நான்கு வடிவங்களையும், ஊர்ப் பெயரின் பழைய வழக்கையும் புதிய வழக்கையும் சேர்த்து எழுதினேன். அடுத்த ஆண்டு, தளத்தின் விருந்தினர் ஏட்டில் ஒரு செய்தி வந்திருந்தது. கோலாலம்பூரில் வாழும் ஒருவர் எழுதியிருந்தார். மவுத்தானவர் அவருடைய தாயாரின் உடன்பிறந்தவர். பர்மாவுக்குச் சென்ற தம்பி என்றேனும் திரும்புவார் எனத் தாயார் கடைசி வரை நம்பியிருந்தார்கள். அதனால் அவருக்காக யாஸீன் ஓதவும் ஒப்பியதில்லை. தாயார் மறைந்தபின், மகன் தம் மாமாவின் பெயரைச் சும்மா தட்டெழுதிப் பார்த்திருக்கின்றார். அவர் பெரியவரோடு தொலைபேசியில் பேசினார். அன்று மாலை பெரியவர் என்னிடம் கூறியது ஒரே சொற்றொடர்தான்: "கடனை அடைத்துவிட்டேன், தம்பி." மறு ஆண்டு ரமளானில் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

தளத்தை வருவார் எண்ணிக்கையால் மதிப்பிடும் எண்ணம் அத்துடன் என்னைவிட்டு நீங்கிற்று. அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் சிலராகவே இருக்கலாம். படிக்க வேண்டியவர் ஒருவர் படித்தார்.

மற்றொரு குடும்பத்தினர் தங்கள் வீட்டுப் பரணில் கிடைத்த பதினொரு கடிதங்களின் படங்களை அனுப்பினார்கள். கொழும்பில் வணிகம் செய்த கணவருக்கு 1930-களில் மனைவி எழுதியவை. அனைத்தும் அரபுத் தமிழ். தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையை, குர்ஆன் ஓதத் தெரிந்த நம் முன்னோர் பெண்மணிகள் எளிதில் கற்றிருந்தார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனச் சில எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடம் செல்லாதவர்கள் என்று நாம் கருதும் பெண்கள் கடிதம் எழுதினார்கள், கணக்கு எழுதினார்கள் என்பதற்கு அந்தக் கடிதங்களே சான்று. ஆனால் அந்தக் குடும்பத்தில் இன்று அவற்றைப் படிக்க ஒருவருமில்லை. கணிப்பொறியிலும் அவற்றைத் தட்டெழுத எனக்கு வழியில்லை. படங்களாகவே இட்டு, படிக்கத் தெரிந்தவர்கள் உதவுமாறு வேண்டினேன்.

மூன்று வாரம் கழித்து, வேறொரு கடற்கரை ஊரிலிருந்து ஒரு தாயார் தம் மகன் வாயிலாகப் பதில் அனுப்பினார்கள். தம் உம்மம்மாவிடம் அரபுத் தமிழ் கற்றவர்கள். முதற் கடிதத்தைத் தமிழெழுத்தில் பெயர்த்திருந்தார்கள். அரிசி விலை, மழையில் சரிந்த பின்கட்டுச் சுவர், குழந்தைக்கு முளைத்த பல், வாங்கி அனுப்ப வேண்டிய மருந்து என்று ஒரு வீடு முழுவதும் அதில் இருந்தது. இவ்வாறு பத்துக் கடிதங்கள் வந்தன. பதினோராவதைப் பற்றி அவர்கள் எழுதியதை நான் மறப்பதற்கில்லை. "இதைப் படித்துவிட்டேன். எழுதித் தரமாட்டேன். இது அந்த உம்மாவின் வாய்க்கும் அவருடைய மாப்பிள்ளையின் காதுக்கும் உரியது. படத்தையும் எடுத்துவிடுங்கள்" என்றிருந்தது.

குடும்பத்தாரிடம் கூறினேன், அவர்களும் இசைந்தார்கள். அந்தப் படம் நீக்கப்பட்டது. அதில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பது எனக்கும் தெரியாது. எல்லாவற்றையும் திறந்து காட்டுவதே இணையத்தின் இயல்பு என்பார்கள். திறந்து காட்டும் வசதி கையில் இருக்கும்போது மூடி வைப்பதே அமானிதத்தின் இயல்பு. இறந்தவர்களுக்கும் மானம் உண்டு.

அந்தத் தாயார் முதலில் தம் பெயரை வெளியிட வேண்டாமென்றார்கள். இன்னாரின் தாயார் என்றே ஒன்பது கடிதங்களில் குறிக்கப்பட்டது. பத்தாவது கடிதத்தின் அடியில் தம் முழுப் பெயரையும் தாமே எழுதி அனுப்பினார்கள். முதல் ஒன்பதிலும் மாற்றிவிடலாமா எனக் கேட்டேன். "மாற்றிவிடுங்கள். அந்த உம்மா தம் பெயரை எழுதித்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்று பதில் வந்தது.

இனி, கூட்டத்தைப் பற்றிச் சிறிது. துபாய், ஜித்தா, கோலாலம்பூர், ஹாங்காங், கொழும்பு, சென்னை என்று சிதறி வாழும் எங்கள் ஊரார் சுமார் நானூறு பேர் தளத்தைச் சார்ந்து ஒரு குழுவாகக் கூடினோம். ஒருவர் எழுதினால் அனைவர்க்கும் சென்று சேரும். நல்ல காரியங்கள் பல நடந்தன; ஏழை மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் திரண்டது, இரத்தம் தேவைப்பட்டபோது ஆள் கிடைத்தது. அதே வேகத்தில் பூசலும் வந்தது. முகம் காணாமல் பேசும்போது நா கூர்மையாகிவிடுகின்றது. நேரில் எழுந்து நின்று ஸலாம் கூறத்தக்க பெரியவரை, புனைபெயர்க்குப் பின்னே நின்று ஓர் இளைஞர் ஏளனம் செய்வார். ஆண்டுதோறும் ரமளான் பிறை தெரியுமுன்னரே பிறையைப் பற்றிய சண்டை தெரியும்.

மூன்று விதிகளை வகுத்தோம். ஒன்று, சொந்தப் பெயரில் எழுத வேண்டும். இரண்டு, அவையில் இல்லாத ஒருவரைப் பற்றிக் குறை எழுதலாகாது, அது புறம். மூன்று, மவுத்துச் செய்தியை இருவர் உறுதி செய்த பின்னரே வெளியிட வேண்டும். பிறையைப் பொறுத்தவரை, தலைமை காஜி அவர்களின் அறிவிப்பையும் ஊர் ஜமாஅத்தின் முடிவையும் செய்தியாக மட்டும் வெளியிடுவோம். வாதம் ஆலிம்கள் முன்னிலையில் நேரில் நடக்கட்டும் என்றோம்.

மூன்றாம் விதியைச் சிலர் நகைத்தார்கள். 2003-ஆம் ஆண்டு ஒரு நள்ளிரவில், ஊரின் பெரிய மனிதர் ஒருவர் மறைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. விதிப்படி அதை நிறுத்தி வைத்து ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். தொலைபேசியை எடுத்தவர் அந்தப் பெரியவரே. தஹஜ்ஜுதுக்கு எழுந்திருக்கின்றார். நடந்ததைச் சொன்னேன். "நிறுத்தி வைத்தது நல்லதாயிற்று. என் மகள் ஜித்தாவில் பிள்ளைப்பேற்றுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்றார். கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு திருமறை எச்சரித்திருப்பதன் கருத்து அன்று எனக்கு நன்கு விளங்கிற்று. அதற்குப்பின் விதியை நகைத்தவர் இல்லை.

ஜமாஅத் தேர்தல் நேரத்தில் ஒருவர் எழுதிய கடுமையான மடலை நிறுத்தி வைத்தபோது, அவர் என்னிடம் கேட்டார்: "காக்கா, இது உங்கள் தளமா, ஊர்த் தளமா?" சினத்தில் கேட்கப்பட்ட கேள்விதான், எனினும் நியாயமான கேள்வி. நான் பல நாள் அதை எண்ணிக்கொண்டிருந்தேன். பணம் என்னுடையது, உழைப்பு என்னுடையது. ஆனால் பர்மாவிலிருந்து நடந்து வந்தவரின் சொல் என்னுடையதா? பதினொரு கடிதங்கள் என்னுடையனவா? நம் மரபில் இதற்கு விடை முன்பே இருக்கின்றது. வக்ஃபுச் சொத்தைக் காப்பவர் முத்தவல்லி, உரிமையாளர் அல்லர். அவர் விற்க முடியாது. தம் புகழுக்குப் பயன்படுத்த முடியாது. பழுது பார்க்காமல் விட முடியாது. கணக்குக் காட்ட வேண்டும். பிறர் நம்பி ஒப்படைத்த சொற்களைக் காப்பவரும் அத்தகையவரே. "ஊருடையது தம்பி, வாயிற்படியைக் கூட்டுவது மட்டும் என் வேலை. அந்த வாயிற்படியில் நின்று யாரும் யாரையும் ஏச வேண்டாம்" என்று பதில் எழுதினேன். அவர் இன்று எனக்குப் பெருந்துணையாக இருக்கின்றார்.

முத்தவல்லிக்கு மனைக்கட்டு உண்டு. எனக்கு இருந்ததோ இரவல் நிலம். 2002-ஆம் ஆண்டு ஒரு காலையில் எங்கள் தளம் திறக்கவில்லை. இடம் தந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய், இலவசப் பக்கங்கள் நிறுத்தப்பட்டன. முன்னறிவிப்பு எதுவும் எனக்கு வரவில்லை. கட்டுரைகளின் படிகள் குறுவட்டில் என்னிடம் இருந்தமையால் அவற்றை வேறிடத்தில் மீண்டும் அமைத்தேன். ஆனால் விருந்தினர் ஏடு அந்நிறுவனத்தின் கணிப்பொறியிலேயே இருந்தது. கோலாலம்பூர் அன்பர் தம் மாமாவைப் பற்றி எழுதிய செய்தி அதனோடு மறைந்தது. இன்று அது என் நினைவில் மட்டுமே உள்ளது.

எங்கள் சிறு தளத்துக்கு நேர்ந்தது பின்னர்ப் பெரிய நகரங்களுக்கும் நேர்ந்தது. யாஹூ நிறுவனம் 1999-இல் கோடிக்கணக்கான டாலர் விலைக்கு வாங்கிய ஜியோசிட்டீஸ், 2009 அக்டோபர் 26 அன்று மூடப்பட்டது. ஹாலிவுட்டும் ஏதென்ஸும் டோக்கியோவும் ஒரே நாளில் இருண்டன. மூடப்படுமுன் ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழுவினர் இரவு பகலாக உழைத்துப் பெரும் பகுதியைப் படியெடுத்துக் காத்தனர். நம் இளைஞர்கள் பெரிதும் விரும்பிய ஆர்குட், 2014 செப்டம்பர் 30 அன்று மறைந்தது. யாஹூ குழுக்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த மடல்கள் 2019 டிசம்பரில் அழிக்கப்பட்டன. மறு ஆண்டு டிசம்பரில் அந்தக் குழுக்களும் மூடப்பட்டன. இவற்றில் நம் மக்கள் எழுதிய நிக்காஹ் அழைப்புகளும் இரங்கல் செய்திகளும் எத்தனை இருந்தன என்று யார் கணக்கெடுத்தார்கள்?

எனினும் காக்கும் கைகளும் உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நிறுவனம் 1996 முதல் வலைப்பக்கங்களைப் படியெடுத்து வருகின்றது. 2001 முதல் அப்பழைய படிகளை யாரும் பார்க்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பாலேயே தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி இலவசமாக வழங்குகின்றது. சீறாப்புராணமும் அதில் ஏறியிருக்கின்றது. இலங்கை அன்பர்கள் 2005-இல் நூலகம் என்னும் திட்டத்தைத் தொடங்கினார்கள். இவர்களுள் பலர் என்னைப்போன்று ஓய்வு நேரத்தில் உழைப்பவர்களே.

நிறுவனம் மூடப்படுவதைவிட நெஞ்சைச் சுடும் இழப்பு ஒன்று உண்டு. அண்டை ஊர்த் தளத்தை நடத்தி வந்த நண்பர் ஒருவர் 2011-இல் திடீரென வஃபாத்தானார். தளத்தின் பெயருக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. நினைவூட்டும் மடல்கள் யாரும் திறவாத அஞ்சற்பெட்டிக்கு வந்துகொண்டிருந்தன. தவணை தவறியது. காலாவதியான பெயர்களைக் காத்திருந்து வாங்கும் வணிகர் எவரோ அப்பெயரை வாங்கினார். சில திங்களில், அந்த ஊர்ப் பள்ளிவாசலின் படம் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் தோன்றிற்று. நண்பரின் மகன் அதை எனக்குக் காட்டியபோது அவரால் பேச முடியவில்லை. "வாப்பாவின் பெயரை எழுதித் தேடினால் இதுதான் மாமா வருகிறது" என்றார்.

அந்த வாரமே சில ஏற்பாடுகளைச் செய்தேன். என் வஸிய்யத்தில் வீட்டையும் கடனையும் குறித்திருந்த தாளோடு தளத்தைப் பற்றியும் ஒரு தாளைச் சேர்த்தேன். பெயர் எந்த நிறுவனத்தில் பதிவாகியுள்ளது, தவணை நாள் எது, கடவுச்சொல் எந்த உறையில் உள்ளது என்பவை அதில் உள்ளன. எனக்குப் பின் நடத்துவதற்கு ஊரின் இளைஞர் ஒருவரையும் ஆசிரியை ஒருவரையும் இசையச் செய்து, இப்போதே பாதிப் பணியை அவர்களிடம் ஒப்படைத்திருக்கின்றேன். பெயருக்கான கட்டணத்தைப் பத்தாண்டுகளுக்கு முன்கூட்டியே செலுத்தியிருக்கின்றேன். படிகள் மூன்று வெவ்வேறிடங்களில் உள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை, புதிதாகச் சேர்ந்த கட்டுரைகளைத் தாளில் அச்சிட்டுக் கட்டி, ஊர் நூலகத்தில் வைக்கின்றோம். மின்சாரம் இல்லாவிடினும் படிக்கத்தக்கது தாள் ஒன்றே.

இக்காலத்தில் வலைத்தளம் எதற்கு, வாட்ஸ்அப் போதாதா என்று கேட்கின்றவர்கள் உண்டு. எங்கள் குழுவினரும் 2012-க்குப் பிறகு பெரும்பாலும் அங்கே சென்றுவிட்டனர். நானும் அதில் இருக்கின்றேன். செய்தியை விரைந்து சேர்ப்பதில் அதற்கு இணையில்லை. ஆயினும் அது சந்தைப் பேச்சு. காலையில் கேட்டதை மாலையில் மற்றொரு பேச்சு அடித்துச் சென்றுவிடும். கைப்பேசி பழுதானால் பேச்சும் போகும். அறுபது ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்த ஒரு பெயரைச் சந்தையில் கூவி இறக்கி வைக்க இயலாது. அதற்கு நிலையான ஓரிடம் வேண்டும். தேடி வருபவர் எந்த ஆண்டில் வந்தாலும் அது அங்கே இருக்க வேண்டும்.

வாசகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லங்களில் முதியவர்கள் இருப்பார்கள். அவர்கள் எங்கெங்கே சென்றார்கள், யாரோடு இருந்தார்கள், யாரை எங்கே அடக்கினார்கள் என்று கேளுங்கள், எழுதுங்கள். பரணில் அரபுத் தமிழ்த் தாள்கள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எழுதியதை இணையத்தில் இடுவீர்களாயின், கையில் ஒரு படியும் தாளில் ஒரு படியும் வைத்திருங்கள். அடுத்துக் காப்பவர் யார் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். எதை வெளியிடலாம் என்பதோடு எதை வெளியிடலாகாது என்பதையும் வீட்டுப் பெண்மக்களிடம் கலந்து கேளுங்கள். அந்த நுண்மை அவர்களுக்கு நன்கு தெரியும்.

மனிதன் மறைந்தபின்னும் அவனுக்கு நன்மை சேர்த்துக்கொண்டிருப்பவற்றுள் பயன்தரும் அறிவும் ஒன்று என நம் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். ஒரு பெயரைச் சரியாக எழுதி வைப்பதும் அத்தகைய அறிவில் ஒரு சிறு பங்காகட்டும். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சொற்களைப் பழுதின்றிக் காத்து, நமக்குப் பின் வருவோரிடம் முழுமையாக ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.